சோழகத்துக்கு எதிரே அரிப்பு வரை

மன்னாரில் மலை இல்லை. தலைமன்னாருக்குப் பக்கத்தில் ஊருமலை என்றொரு கிராமம் உண்டு. அங்கே ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. தெற்கே வில்பத்துக் கரையோரம் குதிரைமலை என்ற பெயரில் ஒரு முனை உண்டு. அதுவும் கடலைப் பார்த்து நிற்கும் செம்மண் மேடுதான். தீவின் எந்த மூலையில் நின்று பார்த்தாலும் பனையும் கடலும் வானமுமே தெரியும். இப்படியான ஊரில் இருந்துகொண்டு மலையேற்றச் சைக்கிள் பயணத்தைப்பற்றி இவள் என்ன எழுதப்போகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் சோழகம் வீசும் மாதங்களில் தள்ளாடியிலிருந்து வங்காலை, அரிப்புப் பக்கம் சைக்கிள் உழக்கிய பெண்கள் உங்களிலும் இருப்பீர்கள். நான் சொல்ல வருவது அவர்களுக்கு உடனே விளங்கும்.

எனது பெரியக்காவின் மகன் சுவிற்சர்லாந்தில் இருக்கிறான். கிழமை நாட்களில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவதும் மரக்கறி வெட்டுவதும் வேலை. கோடைகால ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவான். அங்கே கோத்தார்ட் என்று ஒரு கணவாய் இருக்கிறது. அல்ப்ஸ் மலையின் வடபக்கத்தையும் தென்பக்கத்தையும் இணைக்கும் பழைய வழி அது. ஐரோலோ என்ற ஊரில் 1175 மீற்றர் உயரத்தில் தொடங்கி, 2106 மீற்றர் வரை பாதை ஏறுகிறது. எங்கள் நுவரெலியா 1868 மீற்றர் என்றால் அந்த உயரத்தை நினைத்துப் பாருங்கள். திரெமோலா என்ற பள்ளத்தாக்கில் பாதை 24 தடவை கொண்டை ஊசிபோல வளைந்து வளைந்து ஏறும். தாரும் இல்லை, சதுரமாகக் கொத்திய கருங்கல்லைப் பதித்திருக்கிறார்கள். பனிக்காலம் முழுவதும் பாதை மூடிக் கிடக்கும், கோடையில்தான் திறப்பார்கள்.

அவன் முதல்முறை ஏறியபோது இரண்டு தடவை இறங்கி உருட்டினானாம். மேலே போய்ச் சேர்ந்து ஒரு படம் எடுத்து அனுப்பினான். பின்னால் பனி, முன்னால் முகம் எல்லாம் வேர்வை. அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரே வார்த்தை, “சாப்பிடாமல் போயிருக்கிறான்.”

2022 யூன் மாதத்தை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசை. மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்துவிட்டார்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. பஸ் எப்போது வரும், வருமா என்று யாருக்கும் தெரியாது. மருந்துக்கும் தட்டுப்பாடு. அக்கா அரிப்பில் இருக்கிறா. சீனி வருத்தமும் பிறசரும் இரண்டும் உண்டு. மாதம் ஒருமுறை மன்னாருக்கு வந்து கிளினிக்கில் மாத்திரை எடுப்பா. அந்த மாதம் அவவால் வர முடியவில்லை. அவவின் கொப்பியைக் காட்டி நான்தான் மாத்திரையை எடுத்துவைத்திருந்தேன். அக்காவிடம் கையிருப்பு இரண்டு நாளுக்குத்தான் இருந்தது. மன்னார் பட்டினத்திலிருந்து அரிப்பு முப்பது கிலோமீற்றருக்குள்தான். பஸ் ஓடிய காலத்தில் அதை ஒரு தூரமாகவே நான் எண்ணியதில்லை.

என்னிடம் ஒரு லுமாலா சைக்கிள் இருந்தது. 2010இல் மீள்குடியேறிய பெண்களுக்குக் கொடுத்தவற்றில் ஒன்று. கன பேர் வீட்டில் அது இப்போது கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாத்திக் கிடக்கும். லீசிங்கில் ஸ்கூட்டி எடுத்த பிறகு யார் உழக்கப் போகிறார்கள்? பெற்றோல் இல்லாமற் போனதும் ஊர் முழுக்கச் சைக்கிளைத் தூசு தட்டி வெளியே எடுத்தது. புதுச் சைக்கிளின் விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது.

மருமகனுக்கு விஷயம் தெரிந்ததும் இரவே அழைத்தான்.

“சித்தி, இந்த வயதில தனியப் போகாதீங்கோ. யாரையும் கூட்டிக்கொண்டு போங்கோ.”

“எனக்கு 54 வயது. உனக்கு மலை ஏறலாம், எனக்கு வெளியில ஓடேலாதோ?”

“வெளி எண்டு சொல்லாதீங்கோ. காத்து இருக்கு. நான் இஞ்ச மலையில படுறதை நீங்கள் அங்க காத்தில படப்போறீங்கள்.”

அவன் சொன்னது பகிடிக்கு அல்ல. காற்றில்லாத இடத்தில் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் போனால், உங்கள் முகத்தில் 10 கிலோமீற்றர் வேகக் காற்றுத்தான் படும். எதிரே 30 கிலோமீற்றர் வேகத்தில் சோழகம் வீசினால், அதே வேகத்தில் உழக்கும் உங்கள்மீது 40 கிலோமீற்றர் காற்று மோதும். நான்கு மடங்குதானே என்று கணக்குப் போடக்கூடாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தடுக்கும் பலம் நான்கு மடங்காகும்; வேகம் நான்கு மடங்கானால் பலம் 16 மடங்காகும். நிமிர்ந்து இருந்து உழக்கும் ஒரு பெண்ணுக்கு, நேரெதிரான அந்தக் காற்று ஏறக்குறைய 100 மீற்றர் ஓடும்போது 5 மீற்றர் ஏறுவதற்குச் சமன். திரெமோலாவின் ஏற்றம் சராசரி 7 மீற்றர் அளவில் வரும். அவனுடைய சைக்கிளில் 22 கியர், எனக்கு ஒன்று. பின் கரியரில் மாத்திரையுடன் சீனி, பருப்பு, அங்கர் பெட்டி, ஒரு கிலோ மா.

துணைக்கு வர முன்வீட்டுத் தங்கச்சி ஒப்புக்கொண்டாள். வயது 38, இரண்டு பிள்ளைகள். அவளுக்கு வங்காலையில் கருவாடு எடுக்கிற வேலை இருந்தது. அவளிடம் இருந்தது புருஷனின் பார் வைத்த ஆண்கள் சைக்கிள். 2009இல் வன்னியில் அவனைப் பறிகொடுத்தபின் அவள் கொண்டுவந்து சேர்த்த பொருட்களில் அதுவும் ஒன்று. சட்டையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு பாருக்கு மேலால் காலைப் போட்டு ஏறுவாள். ஊரில் சிலர் பார்த்து முணுமுணுப்பதுண்டு. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டளவில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது ஷீலாராணி சுங்கத் என்ற பெண்மணி அங்கே கலெக்டராக இருந்தார். கல்லுடைக்கிற பெண்கள், கூலிவேலைப் பெண்கள், ஆசிரியைகள் என்று ஒரு இலட்சம் அளவில் பெண்கள் அந்த இயக்கத்தில் சேர்ந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கியவர்கள் அதிலும் ஒரு வசதி கண்டார்கள்: பாரில் பிள்ளையை இருத்தலாம். தங்கச்சிக்கு இதைச் சொன்னபோது, “நானும் சின்னவனை அப்பிடித்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோறனான்” என்றாள்.

முதல்நாள் பின்னேரம் இரண்டு சைக்கிளையும் கடைக்குக் கொண்டுபோனோம். நீண்ட தூரம் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் இரண்டொரு விஷயம் சொல்கிறேன். நாங்கள் பெண்கள் வழக்கமாக இரண்டு காலும் நிலத்தில் முட்டும்படி சீற்றைத் தாழ்த்தி வைத்திருப்போம். கிட்டத் தூரத்துக்கு அது சரி. இருபது முப்பது கிலோமீற்றர் போனால் முழங்கால் கழன்றுவிடும். பெடல் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிக்காலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும். அதுதான் சீற்றின் உயரம். அடுத்தது, பின்சில்லுப் பிறீவீல். என்னுடையது 18 பல்லுடையது. கடைக்காரத் தம்பி பழைய சாமான் பெட்டிக்குள் தேடி 22 பல்லுள்ள ஒன்றை எடுத்துப் போட்டுத் தந்தார். சமவெளியில் வேகம் குறையும், ஆனால் காற்றில் கால் இலகுவாகச் சுற்றும். டயருக்கு நல்லாகக் காற்று அடிக்கவேண்டும். சேலை வேண்டாம், சல்வார் போட்டால் காலடியைச் செருகி ஒரு ரபர் வளையம் போட்டுக்கொள்ளுங்கள், சங்கிலிக்குள் போகாது. உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், பனங்கட்டி, கொஞ்சம் புழுக்கொடியல்.

சோழகம் விடியப்புறத்தில் கொஞ்சம் அடங்கி இருக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். அதனால் காலை ஐந்து மணிக்கே வெளிக்கிட்டோம். பட்டினத்துக் கழுதைகள் வீதிநடுவே படுத்திருந்தன. பெல் அடித்தால் அவை எழும்பாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே, சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் கடல்வழிப் பாதை மூன்று கிலோமீற்றர் அளவில் இருக்கும். பழைய பாலம் 1990இல் போரில் தகர்ந்தது. இப்போதைய பாலம் 2010 மார்ச்சில் திறந்தது. பக்கத்திலே ரயில் பாதை போகிறது; அதுவும் 1990இல் நின்று, 2015 மார்ச்சில்தான் மறுபடியும் தலைமன்னார்வரை ஓடத்தொடங்கியது. இந்த இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு, பாஸைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற காலம் எங்கள் வயதுக்காரருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். எனக்கு இன்றைக்கும் பாலத்தடிக்கு வந்தால் கால் தானாகவே உழக்குவதை நிறுத்தும். தங்கச்சி நிற்கவில்லை. அவள் முன்னால் போய்விட்டாள்.

கடல்வழிப் பாதையில் சோழகம் பக்கவாட்டில் அடிக்கும். பட்டினத்திலிருந்து போகிறவளுக்கு அது வலப்பக்கம். எதிர்க்காற்று உங்களைக் களைக்கப் பண்ணும். பக்கக்காற்று உங்களை விழுத்தும். அதிலும் பெரிய லொறி கடக்கும்போது கவனம். லொறி மறைக்கும் அந்த ஒரு கணம் காற்று நின்றுபோகும், காற்றுக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்திருந்த சைக்கிள் லொறியின் பக்கமாகவே இழுபடும். லொறி போனதும் காற்று திரும்ப வந்து மற்றப் பக்கம் தள்ளும். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கக்கூடாது, முழங்கையைத் தளர்த்தி வைக்கவேண்டும் என்று மருமகன் சொல்லியிருந்தான். மலையில் இறங்கும்போதும் அப்படித்தானாம். எரிபொருள் இல்லாத நாட்கள் என்பதால் அன்றைக்கு வாகனம் மிகக் குறைவு. அந்த ஒரு நன்மை.

காற்றைப்பற்றிப் பேசும்போது காற்றாலையைச் சொல்லாமல் விடமுடியாது. தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ என்ற பெயரில் 30 காற்றாடிகளை நிறுத்தி 2020 டிசெம்பரில் திறந்தார்கள். மொத்தம் 103.5 மெகாவாற். எங்களை வீதியில் நிறுத்திவைக்கும் அதே சோழகம்தான் அங்கே கரண்டாகிறது. அதனால் மீன்பாடு குறைகிறது, மழைவெள்ளம் வடிந்தோட வழியில்லை என்று கரையோர மக்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். 2025இல் புதிய காற்றாடிகள் வேண்டாமென்று மன்னாரில் வீதியில் இறங்கிப் போராடினார்கள். அது தனியே எழுதவேண்டிய விஷயம்.

தள்ளாடியில் வலப்பக்கம் திரும்பினால் அரிப்பு, மறிச்சுக்கட்டி வீதி. அங்கிருந்து பாதை தெற்கு நோக்கிப் போகிறது. சோழகம் தென்மேற்கிலிருந்து வருவதால் நேரே நெற்றியில் இல்லை, வலக்கன்னத்தில் அடிக்கும். வீதியின் இரு பக்கமும் உப்புத்தரவை. ஒரு மரம் இல்லை மறைக்க. மாரி முடிந்த மாதங்களில் இந்தத் தரவையில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். வங்காலைப் பறவைகள் சரணாலயத்தை 2010இல் ராம்சார் ஈரநிலமாக உலக அளவில் பதிவுசெய்தார்கள். யூனில் தண்ணீர் வற்றி உப்புத்தான் வெள்ளையாகப் படிந்து கிடந்தது. ஆனாலும் காலை நேரம், காற்று இன்னும் முழுதாக எழும்பவில்லை. ஆறேகாலுக்கு வங்காலை அன்னம்மாள் கோயிலடிக்கு வந்துவிட்டோம். இப்படியே போனால் எட்டு மணிக்கு அக்கா வீட்டில் தேத்தண்ணி என்று நினைத்தேன்.

அங்கேதான் உடைமுள் ஒன்று எனது பின்டயரில் ஏறியது.

சைக்கிள் கடை ஏழரைக்குத் திறந்தது. எனக்கு முன்னால் ஏழெட்டுச் சைக்கிள். கடைக்கார ஐயா, “முப்பது வருசத்துக்குப் பிறகு இப்பதான் எனக்குத் திரும்பவும் இவ்வளவு வேலை” என்றார். 1990களில் பெருநிலப் பக்கத்தில் பெற்றோல் தடை இருந்த காலத்தைச் சொல்கிறார். அப்போது நெல் மூட்டை, விறகு, நோயாளி, பிணம் எல்லாம் சைக்கிளில்தான் போயின. டியூப்பின் இரண்டு பக்கமும் ஓட்டை. ஒட்டி முடிய எட்டரை. தங்கச்சி அதற்குள் கருவாட்டு வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் அத்தோடு திரும்பியிருக்கலாம். வானத்தைப் பார்த்தாள், பனையோலை அடிபடுகிற சத்தத்தைக் கேட்டாள்.

“அக்கா, இதுக்குள்ள நீங்கள் தனியப் போகேலாது. நான் அரிப்பு மட்டும் வாறன்.”

வங்காலை வீடுகளைத் தாண்டியதும் சோழகம் எங்களுக்காகவே காத்திருந்ததுபோல இருந்தது. சைக்கிள் நின்றுவிட்டது என்றே சொல்லவேண்டும். உழக்குகிறேன், நகரவில்லை. கண்ணுக்குள் மண். காதுக்குள் ஒரே இரைச்சல்; பக்கத்தில் வருகிறவள் பேசுவது கேட்காது. மலை ஏறுகிறவனுக்குத் தலையைத் தூக்கினால் உச்சி தெரியும், இன்னும் எத்தனை வளைவு என்று எண்ணலாம். இங்கே எதிரே பார்த்தால் தட்டையான வீதி, வெயிலில் நடுங்குகிறது. உழைப்புக்கு ஏற்ற காட்சி ஒன்றும் இல்லை. யாராவது தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பெண்கள் சோம்பேறித்தனமாகச் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அப்போதுதான் மருமகன் சொன்ன உபாயத்தைச் செய்துபார்த்தோம். ஒருவர் முன்னே போய்க் காற்றை முகத்தில் வாங்கவேண்டும். மற்றவர் அவரின் பின்சில்லுக்கு ஒரு முழம் பின்னால் ஒட்டிக்கொண்டு போகவேண்டும். காற்று வலமுன்பக்கத்திலிருந்து வந்தால், பின்னால் வருபவர் சற்று இடதுபக்கம் தள்ளி நிற்கவேண்டும். அந்த இடத்தில் முன்னே போகிறவரின் உடம்பு வேலிபோல மறைக்கும். நம்பமாட்டீர்கள், பின்னால் போனதும் காதிரைச்சல் பாதியாகக் குறைந்தது. கால் சுற்றத் தொடங்கியது. இருபது மின்கம்பத்துக்கு அவள் முன்னே, இருபது கம்பத்துக்கு நான் முன்னே என்று முறை வைத்தோம். பிறகு எனக்குப் பதினைந்து, அவளுக்கு இருபத்தைந்து ஆனது. நான் கேட்கவில்லை. அவளாகவே எண்ணிக்கையைப் பிழையாக எண்ணத் தொடங்கினாள்.

இந்தக் காற்றோட்டத்தை ஒரு போட்டியாக நடத்துகிற நாடும் உண்டு. ஒல்லாந்து எங்கள் மன்னாரைப்போலத் தட்டையான நாடு, மலை இல்லை. கடல் உள்ளே வராமல் அவர்கள் கட்டியிருக்கும் ஒரு பெரிய அணைக்கட்டின் மேல் 2013 முதல் எதிர்க்காற்றுச் சைக்கிளோட்டப் போட்டி நடக்கிறது. எட்டரை கிலோமீற்றர் தூரம். நாள் முன்கூட்டியே குறிப்பதில்லை. புயல் வரப்போகிறது என்று தெரிந்தால் ஒருசில நாளுக்கு முன் அறிவிப்பார்கள். ஓட்டச் சைக்கிளுக்கு இடமில்லை. எல்லாருக்கும் நிமிர்ந்து இருந்து ஓட்டும், கியர் இல்லாத சாதாரணச் சைக்கிள்தான். பெண்களும் ஓடுகிறார்கள். மருமகன் அதன் படத்தை எனக்கு அனுப்பியிருந்தான். உடம்பை மடித்து, முகத்தைக் கோணி, ஒரு கை மழைக்கோட்டைப் பிடித்தபடி ஒரு பெண். எங்கள் கடல்வழிப் பாதையில் சாயங்காலம் மீன்பெட்டியோடு வருகிற பெண்ணைப் படம்பிடித்தால் அப்படியேதான் இருக்கும். இவளுக்கு நேரம் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு மாமரம் கண்ட இடத்தில் இறங்கினோம். பனங்கட்டியைக் கடித்துத் தேசிக்காய்த் தண்ணீர் குடித்தோம். தங்கச்சிக்கு அல்போன்சீனா ஸ்திராடா என்ற இத்தாலியப் பெண்ணின் கதையைச் சொன்னேன். 1924இல் ஆண்கள் மட்டுமே ஓடிய இத்தாலி சுற்றுச் சைக்கிளோட்டத்தில் பங்குபற்றிய ஒரே பெண். ஒருநாள் பெருங்காற்றும் மழையுமாக இருந்தபோது விழுந்து அவளுடைய ஹாண்டில் முறிந்துவிட்டது. வழியில் கிடைத்த விளக்குமாற்றுக் கம்பை வைத்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தாள் என்று சொல்வார்கள். குறித்த நேரம் கடந்துவிட்டது, கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் மற்ற நாட்களும் விடாமல் ஓடி மிலான் நகர்வரை போய்ச் சேர்ந்தாள்.

“பரிசு குடுத்தவையோ?”

“சனம் காசு சேர்த்துக் குடுத்ததாம்.”

“அப்ப சரி” என்று சைக்கிளை எடுத்தாள்.

அதற்குப் பிறகு ஓரிடத்தில் இறங்கி உருட்டினோம். உருட்டுவதில் ஒரு குறையும் இல்லை. அல்ப்ஸ் மலையிலேயே உருட்டுகிறார்கள். உருட்டும்போது வேறு தசை வேலை செய்யும், உழக்குகிற கால் ஆறும். இந்த வீதி உருட்டுவதற்குப் பழகிய வீதியும்தான். 2007 செப்ரெம்பரில் சிலாவத்துறைப் பக்கம் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது முசலி மக்கள் எல்லாரும் வெளியேறினார்கள். அக்கா குடும்பமும் இந்த வழியால்தான் வந்தது. ஒரே சைக்கிள். கரியரில் மாமி, அத்தானுடைய தாய், தலையணையை அணைத்துக்கொண்டு. ஹாண்டிலில் அரிசிப் பையும் லாம்பும். உருட்டி வந்தவன் இன்றைக்குக் கோத்தார்ட் ஏறுகிற மருமகன். அப்போது 17 வயது. செப்ரெம்பரிலும் சோழகம் இருக்கும். அவர்கள் வடக்கே வந்ததால் அது பின்னால் நின்று தள்ளியிருக்கிறது. “காத்து எங்களைத் துரத்திக்கொண்டு வந்தமாதிரி இருந்தது” என்று அக்கா ஒருமுறைதான் சொன்னா. பிறகு அதைப்பற்றிப் பேசியதில்லை. அடுத்த வருடம் அவன் நாட்டைவிட்டுப் போனான். 2009க்குப் பிறகு கண்ணிவெடி எடுத்து ஊருக்கு விட்டபோது அக்காவும் அத்தானும் மட்டும்தான் திரும்பினார்கள். இப்போது அத்தானும் இல்லை.

அருவியாற்றுப் பாலத்தில் கடைசிச் சண்டை. பாலம் உயரமாக நிற்பதால் காற்று தடையில்லாமல் வந்து மோதும். ஆற்றில் தண்ணீர் குறைவு, மணல்திட்டுகள் தெரிந்தன. இந்த ஆற்றோரமாகவே நடந்து வந்து தப்பிய ஒரு மனிதன் இருக்கிறான். றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயன். 1660இல் கண்டி அரசனிடம் பிடிபட்டு, 19 வருடம் மலைநாட்டில் கைதியாக இருந்தவன். 1679இல் ஒரு தோழனோடு காட்டுக்குள்ளால் ஆறு போகும் வழியே இறங்கி, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தான். அவனோடு பிடிபட்ட தகப்பன் கைதியாகவே இறந்துபோனார். மலையிலிருந்து எங்கள் ஊருக்குத் தப்பி வந்தவர்களும் உண்டு என்று மருமகனிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு அக்காவின் படலையைத் திறந்தோம். வங்காலையிலிருந்து இரண்டரை மணித்தியாலம். நடந்து வந்திருந்தால் ஒருவேளை இன்னும் ஒரு மணித்தியாலம் கூடியிருக்கும், அவ்வளவுதான். அக்கா எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. முகம் கழுவத் தண்ணீர் தந்தா. மாத்திரைப் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணினா. பிறசர் மாத்திரை முழுதாக இருந்தது. சீனி மாத்திரை இரண்டு கிழமைக்குத்தான் கொடுத்திருந்தார்கள். கையிருப்பு அவ்வளவுதான். அவ அதை எண்ணி முடித்து, மடித்து வைத்துவிட்டு, “அப்ப இரண்டு கிழமையில திரும்பவும் வரோணும்” என்றா. தங்கச்சி சுவரில் சாய்ந்தபடி சிரித்துவிட்டாள்.

பின்னேரம் மூவரும் கடற்கரைக்கு நடந்தோம். அங்கே ஊரார் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும் பாழடைந்த கட்டடம் நிற்கிறது. உண்மையில் அது இலங்கையின் முதலாவது ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெட்றிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்க்கவென்று 1801ஆம் ஆண்டையொட்டிக் கட்டத் தொடங்கிய மாளிகை. முத்துக்குளிப்பு நடந்த வருடங்களில் இந்தக் கரையில் தற்காலிக நகரமே எழுந்துவிடுமாம். இப்போது கடல் மேட்டை அரித்து அரித்துச் சுவர்களின் அடிக்கே வந்துவிட்டது. செங்கட்டிகள் கீழே மணலில் கிடக்கின்றன. அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தால் காற்று இல்லை. அந்த நாள் முழுவதிலும் காற்றில்லாத இடம் அது ஒன்றுதான்.

இரவு மருமகன் படத்தோடு அழைத்தான். எத்தனை மணித்தியாலம், எத்தனை தடவை இறங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு பயிற்சியாளரைப்போல விசாரித்தான். அக்கா ரெலிபோனை வாங்கி, “சித்திக்குக் கால் வீங்கிப்போச்சு, கதைச்சது காணும்” என்று அவனைத் திட்டினா. அவன் சத்தமில்லாமல் கொஞ்சநேரம் இருந்தான். பிறகு, “அம்மா, மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கோ” என்றான்.

மறுநாள் காலை திரும்பினோம். இந்தமுறை சோழகம் முதுகில். வங்காலை வரை உழக்கிய ஞாபகமே இல்லை. தங்கச்சி இரண்டு கையையும் ஹாண்டிலை விட்டு எடுத்து விரித்துக்கொண்டு போனாள், சிறுபிள்ளைபோல. அவளுக்கு அதைப் பார்க்கிறவர்கள் அந்த வீதியில் யாரும் இல்லை. கருவாட்டு மூட்டை மட்டும் கரியரில் துள்ளிக்கொண்டிருந்தது. பட்டினத்துக்கு ஒன்றரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை.

ஓகஸ்ட்டில் கியூஆர் முறை நாடு முழுக்க வந்தது, பெற்றோல் அளவாகக் கிடைத்தது, பஸ்களும் மெல்ல ஓடத் தொடங்கின. அதற்கிடையில் இன்னும் மூன்று தடவை போய்வந்தோம். இப்போது அக்கா வழமைபோலப் பஸ்ஸில் கிளினிக் வருகிறா. நானும் தங்கச்சியும் மாதத்தில் ஒரு ஞாயிறு வங்காலைவரை ஓடுகிறோம், எங்கள் ஒழுங்கையில் இன்னும் நாலு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒருத்திக்கு 61 வயது, அவதான் எல்லாரையும்விட நேரத்துக்கு வருகிறவ. அடுத்த வைகாசிக்கு முன் எனது பின்டயரை மாற்றவேண்டும்.